நான்கு மணி: ஒரு திருத்தம்

1

சென்ற ஆண்டு (2006) நம் ஊர்ச் சங்க ஆண்டு மலரில் ‘வக்கீலின் எண்ணெய்க் கட்டு’ என்றொரு கட்டுரை எழுதியிருந்தேன். அதில் ஒரு பெரிய தவறு இருக்கிறது. அச்சுப்பிழை அல்ல, முழுக்க என் தவறு. இந்த ஆண்டு மலரில் திருத்தம் போட வேண்டும் என்று ஊரில் இருக்கும் ஆசிரியரிடம் போனில் கேட்டேன். “நாலு வரியில எழுதி அனுப்புங்க, கடைசிப் பக்கத்துல போட்டுடலாம்” என்றார். நாலு வரியில் எழுதிப் பார்த்தேன். முடியவில்லை. அதனால்தான் இந்த நீளம்.

கட்டுரையை அப்போது படிக்காதவர்களுக்காக விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன்.

2

வக்கீல் வேதமாணிக்கம் என்றால் எங்கள் தாலுகாவில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு இன்னும் தெரியும். ஒரு முறை சட்டசபைக்குப் போனார். அடுத்த முறை டெபாசிட் இழந்தார். இரண்டுக்கும் நடுவில், வாசலில் வந்து நின்றவர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தார். ஓட்டுக்காக எழுதினார் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். தோற்ற பிறகும் எழுதினார் என்பதற்கு அவர் வைத்துவிட்டுப் போன கார்பன் நகல்கள் சாட்சி.

மூன்று வருடங்களுக்கு முன் விடுமுறையில் போயிருந்தபோது அவருடைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மகள் ஞானம்மாள் டீச்சர் எனக்கு ஏழாம் வகுப்பில் பூகோளம் எடுத்தவர். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்தப் பெட்டி எங்கே போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிவப்பு நாடா கட்டிய ஒரு காகிதக் கட்டை எடுத்துக் கொடுத்தார். மேலே அவருடைய அப்பாவின் கையெழுத்தில் ‘எண்ணெய்க் கம்பெனி’ என்று இருந்தது.

“நீ எண்ணெய்க் கம்பெனியிலதானே இருக்கே? நீயே கொண்டு போ. இங்க இருந்தா கரையான்தான் படிக்கும்.”

நான் எண்ணெய்க் கம்பெனியில் இல்லை. எண்ணெய்க் கம்பெனிக்குக் குழாய் பதிக்கும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில், அபுதாபியில், டாக்குமெண்ட் கண்ட்ரோலராக இருக்கிறேன். வருகிற ஒவ்வொரு தாளிலும் வந்த தேதியை முத்திரையிட்டுப் பதிவேட்டில் ஏற்றி, கேட்டவருக்குக் கேட்ட நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பது வேலை. ஊரில் அதை விளக்குவது கஷ்டம் என்பதால் கட்டை வாங்கிக்கொண்டேன்.

அபுதாபி விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஊறுகாய்க்கும் முறுக்குக்கும் நடுவில் அந்தக் கட்டைப் பார்த்த அதிகாரி, “என்ன இது?” என்றார். பழைய காகிதம் என்றேன். “எதற்கு?” என்றார். நாடாவை அவரே திரும்பக் கட்டிக் கொடுத்தார்.

3

கட்டில் மொத்தம் அறுபத்திரண்டு தாள்கள். வளைகுடாவில் எண்ணெய் தோண்டத் தொடங்கிய காலத்தில், பெரிய யுத்தம் முடிந்த கையோடு, எங்கள் பக்கத்து ஆட்கள் பம்பாய்க்குப் போய் ஓர் ஒப்பந்தக்காரர் வழியாகக் கப்பலேறியிருக்கிறார்கள். பேரீச்ச ஓலைக் குடிசையில் தங்கியதும், தண்ணீர் தகர டின்னில் அளந்து வந்ததும், துளையிடும் கோபுரத்தின் கீழே குழாய் தூக்கியதும் அவர்களுடைய கடிதங்களில் இருக்கின்றன. ஊரில் அவர்களுடைய பெண்டாட்டிகளும் தாயார்களும் வக்கீலிடம் வந்து சொல்லி எழுதிய மனுக்களும் இருக்கின்றன. எந்தக் கம்பெனி, எந்தக் கரை என்பதை இங்கே எழுதப் போவதில்லை. நான் திருத்த வந்த தவறு அங்கே நடக்கவில்லை. அந்தப் பெயரை இழுப்பது நியாயமாகாது.

இதில் ஒன்பது தாள்கள் அங்குசாமி என்பவரைப் பற்றியவை. குழாய் தூக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரி. ஒரு நாள் துளைக் கிணற்றுக்குப் பக்கத்தில், எண்ணெய் கலந்த சேறு தேங்கும் தொட்டியில் தீப்பிடித்து அவரும், அவர் ஊரிலிருந்து கூட்டிக்கொண்டு போன மூக்கையா என்ற இளைஞரும் இறந்துபோனார்கள். அங்குசாமியின் மனைவி பொன்னம்மாள் ஒரு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வக்கீலிடம் வந்திருக்கிறார். வக்கீல் பம்பாயில் இருந்த ஒப்பந்தக்காரரின் அலுவலகத்துக்கு எழுதினார். பதில் வந்தது. அதன் சாரம் இது: வேலை மதியம் இரண்டரைக்கு முடிந்துவிடும். சம்பவம் நடந்தது நான்கு மணிக்கு. வேலை நேரம் கழிந்த பிறகு அங்கே இருவருக்கும் வேலையில்லை. மூத்தவரான அங்குசாமி இளையவரை ஒதுக்குப்புறமாகப் புகைபிடிக்க அழைத்துச் சென்றிருக்கிறார். பீடி நெருப்புதான் காரணம். ஆதாரமாக, கிட்டங்கியைக் காவல் காத்த உள்ளூர்க்காரர் ஒருவரின் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து இணைத்திருந்தார்கள்.

வக்கீல் இன்னும் இரண்டு கடிதம் எழுதினார். பிறகு கோப்பு நின்றுவிடுகிறது.

4

அந்த ஒரு வயதுப் பிள்ளை காத்தமுத்து. அவரும் இங்கேதான் இருந்தார். முசஃபாவில் ஒரு கேம்பில், கார்பெண்டர் ஃபோர்மேன், இருபத்தாறு வருட சர்வீஸ். என்னிடம் வக்கீலின் கட்டு இருப்பதாக யாரோ சொல்ல, சென்ற ஆண்டு மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வந்துவிட்டார். சலவைச் சட்டை. கையில் ஒரு டஜன் ஆரஞ்சு. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“தம்பி, சுத்தி வளைக்காம சொல்லுங்க. எங்கப்பா பேரு இருக்கா?”

“இருக்குண்ணே.”

“என்ன போட்டுருக்கு?”

அவர் கேட்டது எதற்காக என்று எனக்குத் தெரியும். ஊரில் மூக்கையாவின் தங்கை வீடு அவர்கள் தெருவிலேயே இருக்கிறது. அறுபது வருடமாக அந்த வீட்டில் சொல்லப்படுவது, “எங்க வீட்டு ஒத்தப் புள்ளைய கூட்டிட்டுப் போயி பீடிக்குக் காவு கொடுத்தவன்” என்பது. பொன்னம்மாள் அதை ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. “அவுக வேலையிலதான் செத்தாக” என்று ஒரே வாக்கியத்தை அறுபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டில் எது என்று மகனுக்குத் தெரிய வேண்டும்.

நான் வாக்குமூலத்தை எடுத்து வாசித்துத் தமிழில் சொன்னேன். “சாயங்காலம் நாலு மணின்னு சாட்சியே சொல்லியிருக்காருண்ணே. வேலை முடிஞ்சது ரெண்டரைக்கு” என்றேன்.

அவர் ஆரஞ்சுப் பையை மேசையில் வைத்தார்.

“அப்ப அவருதானா?”

“தாள்ல அப்படித்தான் இருக்கு.”

“ஆத்தா நம்பாது” என்றார். பிறகு, “இதையும் எழுதுவீகளா, தம்பி?”

“வரலாறுன்னா எல்லாத்தையும்தான் எழுதணும்ணே.”

“எழுதுங்க. அச்சுல வந்தா நம்பும்.”

எழுதினேன். பெயர், ஊர், வயது, உறவு எல்லாம் போட்டு எழுதினேன். ‘மாலை நான்கு மணிக்கு’ என்று எழுதினேன். மலர் ஜூனில் வந்தது.

5

காத்தமுத்து அண்ணனுக்குப் பாஸ்போர்ட்படி அந்த ஜூனில் அறுபது முடிந்தது. அறுபதுக்கு மேல் விசா புதுப்பிக்கக் கம்பெனி தயாராக இல்லை. உண்மையில் அவருக்கு ஐம்பத்தொன்பதுகூட முடியவில்லை; பள்ளியில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் ஒரு வயதைக் கூட்டி ஜூன் மாதம் என்று போட்டுவிட்டார். அந்த வகுப்பில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள். நான் அவருக்காக ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினேன். எச்.ஆரில் இருந்த பெண் நல்லவர். இரண்டு முறை படித்துவிட்டு, “பாஸ்போர்ட்டில் இருப்பதுதான் வயது” என்று திருப்பிக் கொடுத்தார்.

ஜூலையில் கிளம்பினார். விமான நிலையத்தில் நாற்பது கிலோவுக்கு மேல் இருந்ததால் ஒரு போர்வையையும் ஒரு சுத்தியலையும் வெளியே எடுத்துப் போட்டார். மலரை எடுக்கவில்லை. அதைக் கைப்பையில் தனியாக வைத்திருந்தார்.

6

செப்டம்பரில் இங்கே அரசு வார விடுமுறையை வெள்ளி–சனிக்கு மாற்றினார்கள். என் நாட்குறிப்பில் இரண்டு வாரம் கிழமைகள் குழம்பியிருக்கின்றன. அந்த மாதக் கடைசியில் ரமலான் தொடங்கியது. அக்டோபரில் ஒரு நாள், டெண்டர் தாள்களை மறுநாள் காலை கொடுக்க வேண்டும் என்பதால் நோன்பு திறக்கும் நேரம் வரை அலுவலகத்தில் இருந்தேன். கூட இருந்தவர் எங்கள் மந்தூப் சாலிம். கம்பெனிக்காக அரசு அலுவலகங்களில் அலைந்து விசா, லேபர் கார்டு எல்லாம் முடித்துக்கொண்டு வருபவர். ஓமான் கரையோரத்துக்காரர், எழுபதை நெருங்கியவர். எங்களிடம் இந்தியில்தான் பேசுவார்.

பேரீச்சம்பழப் பெட்டியை நகர்த்தி வைத்துக்கொண்டு பாங்குக்காகக் காத்திருந்தார். சுவர்க் கடிகாரத்தில் ஆறு மணி ஏழு நிமிடம்.

“எங்க அப்பா வீட்டுல இப்ப மணி பன்னெண்டு” என்றார்.

“பசி மயக்கமா, சாலிம் பாய்?”

“மயக்கம் உனக்குத்தான், மதராசி. எல்லாத்துக்கும் தேதி முத்திரை குத்துறியே, இது தெரியாதா? அந்தக் காலத்துல இந்தக் கரை முழுக்க அப்படித்தான். சூரியன் விழுந்தா நாள் முடிஞ்சது, கலாஸ். கடிகாரத்தைப் பன்னெண்டுல திருப்பி வைப்போம். அதுலேர்ந்துதான் எண்ணுவோம். இங்கிலீஷ்காரன் கடிகாரம் கம்பெனி கேட்டுக்குள்ள மட்டும்தான்.”

பாங்கு சொன்னார்கள். அவர் பழத்தை வாயில் போட்டுக்கொண்டு எனக்கும் ஒன்றை நீட்டினார். நான் வாங்கவில்லை.

“சாலிம் பாய், அப்போ பகல்ல நாலு மணின்னா?”

அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். “பகல்ல நாலா? இப்பக் கணக்குல காலைல பத்து. ஏன், யாருக்கு?”

7

வீட்டுக்குப் போய் வாக்குமூலத்தை எடுத்தேன். ‘நான்கு மணி’ என்று மட்டும்தான் இருந்தது. மாலை என்றோ பிற்பகல் என்றோ அதில் எங்குமே இல்லை. அந்தச் சொல்லைச் சேர்த்தவன் நான். பம்பாய்க்காரர்களாவது ‘மாலை’ என்று எழுதாமல் கணக்கில் மட்டும் வைத்தார்கள். நான் அச்சில் ஏற்றினேன்.

ஆனாலும் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. வாக்குமூலத்தைப் பதிந்த குமாஸ்தா காவல்காரரின் நேரத்தை ஏற்கெனவே மாற்றி எழுதியிருந்தால்? சாலிம் சொன்னது பொதுவான வழக்கம். இந்த ஒரு தாளுக்கு அது பொருந்தும் என்பதற்கு ஆதாரம் வேண்டும். ஒரு முறை ஆதாரம் இல்லாமல் சொல்லியாகிவிட்டது.

ஆதாரம் மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது கிடைத்தது. எங்கள் தெருவில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் முப்பது பேர் இருப்போம். அக்டோபரிலும் ஏழரை மணி வெயில் சுடும். அதனால் எல்லோரும் பேங்க் கட்டடத்தை ஒட்டி ஒரே பக்கமாக ஒண்டிக்கொண்டு நிற்போம். சாயங்காலம் இறங்கும்போது அதே முப்பது பேரும் எதிர்ப்பக்கம் ஒண்டிக்கொண்டு நடப்போம். யாரும் யோசித்துச் செய்வதில்லை. கால் தானே போகும். அன்று நின்றுகொண்டிருந்தபோது வாக்குமூலத்தின் இரண்டாவது வரி நினைவுக்கு வந்தது: ‘நான் கிட்டங்கியின் மேற்குப் பக்கத்தில், நிழலில் உட்கார்ந்திருந்தேன்.’

மாலை நான்கு மணிக்கு மேற்குப் பக்கத்தில் நிழல் இருக்காது. சூரியனே அங்கேதான் இருக்கும். மேற்குப் பக்கம் நிழல் விழுவது காலையில்.

காலை பத்து மணி. அங்குசாமியும் மூக்கையாவும் வேலை நேரத்தில், வேலை இடத்தில் இருந்தார்கள். பீடி என்ற பேச்சு முழுவதும் அந்த நான்கு மணியின் மேல் கட்டப்பட்டது. வாக்குமூலத்தில் பீடியைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. தீ எதனால் பிடித்தது என்பது எனக்குத் தெரியாது. கம்பெனியின் அறிக்கை கட்டில் இல்லை. பம்பாய் அலுவலகம் தெரியாமல் தவறியதா, தெரிந்தே வசதிக்கு விட்டதா என்பதும் தெரியாது. ஆனால் அந்த இருவரும் அங்கே நின்றதற்குக் காரணம் டியூட்டி. இது உறுதி.

ஞானம்மாள் டீச்சரிடம் படித்த பூகோளம் இது. அவருடைய அப்பாவும் இந்த வரியைப் படித்திருக்கிறார். அடியில் பென்சில் கோடுகூட இருக்கிறது. அவருக்கும் தோன்றவில்லை. ஆனால் அவர் இந்தக் கரையில் ஒரு நாளும் பஸ்ஸுக்கு நின்றதில்லை. எனக்கு அந்தச் சமாதானம் கிடையாது. பதினாறு வருடமாக நிற்கிறேன்.

8

அன்று மாலை மகள் நிவேதாவிடம் சொன்னேன். எட்டாம் வகுப்பு. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வயது. மலரில் என் கட்டுரை வந்தபோது படத்தை மட்டும் பார்த்தாள். இந்த முறை ஹெட்போனைக் கழற்றிவிட்டு முழுவதும் கேட்டாள்.

“ஹோம்வர்க்ல டேட் போட மறந்தா என்னை எவ்ளோ திட்டுவீங்க?”

“ஆமா.”

“அந்த அங்கிள்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“ஏம்ப்பா?”

மலரில் திருத்தம் போட்டுவிட்டு, அந்தப் பிரதியோடு சொல்லலாம் என்றிருந்தேன். அதைச் சொன்னேன்.

“நெக்ஸ்ட் இயரா? அப்பா, ப்ளீஸ். போன் பண்ணுங்க.”

அவளே என் கைபேசியை எடுத்து வந்து கொடுத்தாள்.

9

ஊரில் மணி ஏழரை. காத்தமுத்து அண்ணன் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். குரலைக் கேட்டதும், “அட, தம்பி! கேம்புல பயலுக எல்லாம் எப்படி இருக்காய்ங்க? புது ஃபோர்மேன் மலையாளத்தானாமே?” என்று தொடங்கினார். அவரைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆத்தா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“ஆத்தா ஆவணியில போயிருச்சு, தம்பி. ஒங்களுக்கு யாரும் சொல்லலையா?”

எனக்கு யாரும் சொல்லவில்லை.

“நோவு நொடி ஒண்ணும் இல்ல. தூங்கிக்கிட்டே போயிருச்சு. நல்ல சாவுதான்.”

அப்போதே போனை வைத்துவிடலாமா என்று தோன்றியதை மறைக்க விரும்பவில்லை. நிவேதா எதிரில் நின்றுகொண்டிருந்தாள். நான் சொன்னேன். பன்னிரண்டு மணிக்குத் திருப்பி வைக்கும் கடிகாரம், மேற்குப் பக்கத்து நிழல், காலை பத்து மணி என்று வரிசையாகச் சொன்னேன். நான் சேர்த்த ‘சாயங்கால’த்தையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

“அண்ணே?”

“இருக்கேன்.”

“என்னை மன்னிச்சிருங்கண்ணே.”

“மலரை நாந்தான் படிச்சுக் காட்டுனேன்” என்றார். “மூணு தடவை படிக்கச் சொல்லுச்சு. மூணாந்தடவை முடிஞ்சதும், ‘எழுத்துல இருந்தா சரியாத்தான இருக்கும்’னுச்சு. அம்புட்டுத்தான். மறுநா விடிஞ்சதும் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம மூக்கையா தங்கச்சி வீட்டு வாசல்ல போயி நின்னுருக்கு. ‘எங்க வீட்டு ஆளு செஞ்சதுக்கு மன்னிச்சிரு தாயி’ன்னு கேட்டுருக்கு. அந்தம்மா கையப் புடிச்சு உள்ள கூப்பிட்டுருக்கு, இது போகல. திரும்பி வந்துருச்சு.”

அவரே தொடர்ந்தார்.

“அதுக்கப்பறம் அப்பாவைப் பத்திப் பேசல, தம்பி. அதுவரைக்கும் பேசாத நாளு கெடையாது. சோத்துல கைய வச்சா ‘அவுகளுக்கு இது புடிக்கும்’னும். அந்த ஒரு மாசம் ஒண்ணுமே சொல்லல. வயசாயிருச்சு, மறந்து போச்சுன்னு நெனச்சேன்.”

“அண்ணே, நான் மலர்ல திருத்தம் போடுறேன். பேரோட போடுறேன். மூக்கையா வீட்டுக்கும் நான் தனியா எழுதுறேன்.”

“எழுதுங்க. அவுகளும் படிக்கட்டும்.” பிறகு, “வேலையிலதான் செத்தாக” என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

போனை வைக்கும் முன் ஒன்று கேட்டார்.

“தம்பி, காலைல பத்து மணின்னா... எங்கப்பா அன்னைக்கிச் சாப்பிட்டுருப்பாரா?”

அறுபத்திரண்டு தாள்களும் எனக்கு வரிசை எண்ணோடு தெரியும். கேம்பில் காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்பதோ, சாப்பாடு உண்டா என்பதோ எந்தத் தாளிலும் இல்லை.

“சாப்பிட்டிருப்பாருண்ணே” என்றேன். “ஏழு மணிக்குக் கஞ்சி கொடுத்திருக்காங்க. தாள்ல இருக்கு.”

“அப்படியா?” என்றார். “சரி தம்பி. அது போதும்.”

இந்த மலரை அவர் வாங்கிப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். மேலே உள்ள வரிகளை எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஏற்கெனவே தாளில் இல்லாத ஒரு சொல்லைச் சேர்த்ததால் வந்தது இவ்வளவும். எனவே இரண்டாவது திருத்தத்தையும் இங்கேயே பதிகிறேன்: ஏழு மணிக் கஞ்சிக்கு ஆதாரம் இல்லை. காத்தமுத்து அண்ணே, உங்கள் அப்பா அன்று சாப்பிட்டாரா என்பது எனக்குத் தெரியாது.